சூலியா தெருவைச் சொன்ன மாப்பிள்ளை

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் போகணுங்க்கா. சூலியா தெரு. வண்டிக்கடை வரிசையா நிக்கும். அங்க வான்டான் மீ நூடுல்ஸ். முடிச்சதும் லோரோங் பாருங்கிற தெருவுல, இரும்புச் சட்டியில பெரட்டின சார் குவே தியாவ். அப்புறம் கெங் குவீ சந்துல செண்டோல், அதை நின்னுக்கிட்டேதான் குடிக்கணும். கடைசியா நாசி கண்டார். சோத்து மேல நாலு குழம்பையும் ஒண்ணா ஊத்தச் சொல்லணும். நாக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடும்!"

யுவன் சொல்லி முடித்ததும் விஜய்குமார் எச்சிலை விழுங்கினான். கையில் இருந்த தட்டு இட்லி அவனுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"அடேங்கப்பா! பினாங்குக்குப் போனா உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும் மாப்ள."

தோசைக்கல்லில் மாவை ஊற்றிய அவன் மனைவி ஜீவிதாவின் கை மட்டும் ஒரு நொடி நின்றது.

மூன்றாவது தடவை. இதே வரிசை, இதே வார்த்தைகள். பெண் பார்க்க வந்த அன்று கேட்டாள். ஆயுத பூஜை அன்று கேட்டாள். இன்று புதன்கிழமை காலை, மைசூர் மண்டி மொஹல்லாவில் தன் தள்ளுவண்டிக்கு முன்னால் வைத்துக் கேட்கிறாள். ஒரு தடவையாவது செண்டோல் முதலில் வந்திருக்க வேண்டாமா? மூன்று வருஷம் ஒரு ஊரில் தின்று திரிந்தவன் ஒரு நாள் ஒன்றை மறப்பான், ஒரு நாள் இன்னொன்றைச் சேர்ப்பான். இவன் பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் சடங்கு; அதற்கு ஹனூரிலிருந்து அப்பா கந்தசாமி வருகிறார். அம்மா போன பிறகு தங்கை அனுப்ரியாவை மைசூருக்குக் கூட்டி வந்து, படிக்க வைத்து, நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டது ஜீவிதாதான். அதனால் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "நீ சரின்னா சரி அம்மிணி. உனக்கு மனசுக்கு ஒப்பலைன்னா வேண்டாம்."

யுவன் கொள்ளேகால் பக்கத்துப் பையன். அனு வேலை செய்யும் கம்பெனியிலேயே ஸ்டோரில் இருக்கிறான். பார்க்க லட்சணம். பேச்சில் மரியாதை. அதற்கு முன்னால் மூன்று வருஷம் பினாங்கில் சமையல்காரராம். அந்த மூன்று வருஷம்தான் ஜீவிதாவுக்கு உறுத்தியது.

"பாஸ்போர்ட்டு இருக்குதுங்களா தம்பி?" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள், உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல.

"ஊர்ல அம்மா பெட்டியில இருக்குதுங்க்கா."

"ஓ."

பணத்தை வாங்க மறுத்தும் ஒரு நோட்டைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு யுவன் கிளம்பினான். அவன் கையை நீட்டியபோது ஜீவிதா பார்த்துவிட்டாள். முழங்கை வரைக்கும் மழமழவென்று இருந்தது. ஒரு தழும்பு இல்லை.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் கல் சுட்டது, கட்டை விரலுக்குக் கீழே ஆவி அடித்தது, முழங்கைப் பக்கம் எண்ணெய் தெறித்தது. ஆறு வருஷத் தள்ளுவண்டிக்கே இத்தனை. மூன்று வருஷம் இரும்புச் சட்டியோடு மல்லுக்கட்டியவன் கை இப்படியா இருக்கும்?

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது," என்றான் விஜய்குமார். "இன்னொரு தோசை போடலாம்னு தோணுது."

*

மறுநாள் காலை ஸ்வாதி வந்தாள். பக்கத்துத் தெருவில் வீடு. காலேஜ் போகிற வழியில் தினமும் இரண்டு தட்டு இட்லி. வீட்டில் தமிழ்தான் என்றாலும் வாயைத் திறந்தால் பாதி கன்னடம் வரும்.

"ஸ்வாதி, உன் போன்ல பினாங்குல எங்கே நல்லா சாப்பிடலாம்னு தேடிப் பாரேன். தமிழ்ல."

"யாக்கே அக்கா? மலேசியா டூரா?"

"தேடு சொல்றேன்."

இரண்டாவது வீடியோவிலேயே அகப்பட்டது. தொப்பி போட்ட ஒரு மலேசியத் தமிழர், பின்னால் வண்டிக்கடைகள், புகை. 'வணக்கம் மக்களே! சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சூலியா தெரு…'

ஜீவிதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

வான்டான் மீ. லோரோங் பாரு. கெங் குவீ சந்து. நின்றுகொண்டே குடிக்க வேண்டிய செண்டோல். வரிசை பிசகவில்லை. கடைசியில் அந்தத் தொப்பிக்காரர் நாசி கண்டாரை ஒரு வாய் அள்ளிப் போட்டுக் கண்ணை மூடினார்.

'அடடா! நாக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடுது மக்களே!'

"அக்கா, தோசே கருகுது!" என்று ஸ்வாதி கத்தினாள்.

கருகட்டும். அந்த மூன்று வருஷம் இவன் பினாங்கில் இல்லை. அப்படியானால் எங்கே இருந்தான்? ஜெயிலிலா? அல்லது கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பெண்டாட்டி, ஒரு குழந்தை என்று குடும்பமா? வாரப் பத்திரிகையில் அவள் வாசித்த அத்தனை மாப்பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோருக்கும் யுவனின் முகம்.

அன்று சாயங்காலம் அனுவிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அனு, அந்தப் பையன் வெளிநாட்டுல இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாவது பாத்திருக்கியா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அனு நிமிரவில்லை. "போன் தொலைஞ்சுபோச்சாம்க்கா."

"வசதியாத் தொலைஞ்சிருக்குது."

"உனக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம். பால்காரர் தண்ணி கலக்குறார்னு பாதி வழியில போய் ஒளிஞ்சு நின்னவதானே நீ?"

"கலந்தானா இல்லையா?"

அனு சிரித்தாள். ஆனால் மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

பாவம், ஏமாந்த பிள்ளை என்று நினைத்தாள் ஜீவிதா. இவளிடம் இப்போது சொன்னால் அழுவாள், அவனிடம் ஓடிப்போய்க் கேட்பாள், அவன் இன்னொரு கதையைத் தயார் செய்துவிடுவான். வேண்டாம். முதலில் ஒரு பொறி வைக்க வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை. யுவன் நஞ்சன்கூடு ரயிலைப் பிடிக்கும் முன் நிச்சயத்துக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தான். சாமுண்டிபுரத்துத் தையல்காரரிடம் போகிற வழியில் அவனை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

"தம்பி, நேத்து ஒரு மலேசியாக்காரர் இங்க வந்து சாப்பிட்டாருங்க."

யுவன் வாய்க்குக் கொண்டுபோன டீயை இறக்கினான். "அப்படிங்களா?"

"பினாங்குதானாம். மணிக்கூண்டுக்குப் பின்னால செட்டியார் சந்துன்னு ஒண்ணு இருக்குதாமே? அங்க வாழைப்பூ நூடுல்ஸுன்னு ஒண்ணு போடுறாங்களாம். அதைத் தின்னாதவன் பினாங்குக்கே போகாதவன்னு சொன்னாரு. நீங்க அதைச் சொல்லவே இல்லையே?"

அப்படி ஒரு சந்து இல்லை. அப்படி ஒரு நூடுல்ஸும் இல்லை. முந்தின நாள் ராத்திரி பாய் மேல் படுத்துக்கொண்டு அவள் தானே செய்த பலகாரம் அது.

யுவன் டீயை ஒரு மடக்குக் குடித்தான். இரண்டு மடக்குக் குடித்தான்.

"ஆமாங்க்கா. வாழைப்பூ. அது ரொம்ப பேமஸுங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு நான் சொல்லலைங்க."

பொறி மூடிக்கொண்டது.

"அப்படிங்களா," என்றாள் ஜீவிதா. சிரிக்கவும் செய்தாள். அவன் சந்து திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு, விஜய்குமாரின் பக்கம் திரும்பியபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். வாழைப்பூவுல நூடுல்ஸா? நல்லாத்தான் இருக்கும்போல."

"ஐயோ, நானே கட்டிவிட்ட கதைங்க அது!"

விஜய்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப… பையன் அங்க போகவே இல்லியா?"

"ஞாயித்துக்கிழமை காலையில கேட்டுடறேன். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கறதுக்கு முன்னால."

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டிக் கூட்டத்தை விஜய்குமாரிடம் விட்டுவிட்டு, யுவனைப் பின்பக்கம் கூட்டிப் போனாள் ஜீவிதா. அந்த வரிசையில் இருக்கும் நான்கு வண்டிகளுக்கும் பொதுவான குழாயடி அது. எச்சில் தட்டுகள் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊறிக் கிடந்தன.

அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நீ மலேசியாவுக்கே போகலை."

'நீங்க' போய் 'நீ' வந்ததை யுவன் கவனித்தான். முகம் வெளுத்தது.

"வாழைப்பூ நூடுல்ஸுன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லை. சூலியா தெருக் கதையை வீடியோவுல பாத்துட்டேன். தொப்பி போட்ட ஆளு. நாக்கு கும்பிட்டதெல்லாம் அவன் நாக்கு. மூணு வருஷம் எங்கே இருந்தே? ஜெயில்லயா? இல்ல, எங்கயாவது ஒரு குடும்பம் உனக்காகக் காத்துட்டு இருக்குதா?"

யுவன் சட்டைப் பையில் கைவிட்டான். ஜீவிதா ஓரடி பின்வாங்கினாள். கத்தியாகக்கூட இருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாள்.

வந்தது நீலப் புத்தகம். பாஸ்போர்ட்.

"நேத்துப் போய் எடுத்துட்டு வந்தேனுங்க்கா. நீங்க கேட்டீங்களே."

வாங்கிப் புரட்டினாள். அவன் படம். அவன் பேர். மலேசிய விசா. பினாங்கு விமான நிலையத்து முத்திரை, போன தேதி. மூன்று வருஷமும் இரண்டு மாதமும் கழித்து வந்த தேதி.

பொய் இல்லை. போயிருக்கிறான். மூன்று நாளாக அடுக்கி வைத்திருந்த ஜெயிலும் கோயமுத்தூரும் மளமளவென்று சரிந்தன. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. குழப்பம் கூடத்தான் செய்தது.

"அப்புறம் எதுக்கு வீடியோவைப் பாத்து ஒப்பிச்சே? அங்கேயே மூணு வருஷம் இருந்தவனுக்கு நல்ல கடை எதுன்னு தெரியாதா?"

"நான் ஒரு நாள்கூட அங்க உக்காந்து சாப்பிடலைங்க்கா."

"என்ன?"

"சமையல் வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. போய் இறங்கினா பாத்திரம் கழுவுற வேலை. ஜெலுத்தோங் பக்கத்துல ஒரு கொட்டகை. உள்ள பதிமூணு கடை. சீனர் கடை, மலாய்க்காரர் கடை, நம்மாளு கடை. எல்லார் தட்டும் என்கிட்டத்தான் வரும். காலையில பதினோரு மணிக்கு நின்னா கடை மூடற வரைக்கும் நின்னபடிதான். ரூமுக்குப் போனா சோறாக்கி ஊறுகாயைத் தொட்டுட்டுப் படுத்துக்குவேன். சூலியா தெருவை பஸ்ஸுக்குள்ள இருந்து ரெண்டு தடவை பாத்திருக்கேனுங்க. அவ்வளவுதான்."

ஜீவிதாவின் சந்தேகம் அவ்வளவு சுலபமாகச் செத்துப்போகிற ஜாதி இல்லை. முத்திரையை நம்பலாம். வாயை நம்பலாமா? இதுவும் எந்த வீடியோவில் வந்ததோ!

"பதிமூணு கடைத் தட்டும் ஒண்ணா வந்தா எது யாருதுன்னு எப்படித் தெரியும்? எங்க நாலு வண்டித் தட்டே தினம் கலந்துபோய் சண்டை வருது."

"கலருங்க்கா," என்றான் அவன் யோசிக்காமல். "ஒவ்வொரு கடைக்கும் ஒரு கலர் பிளாஸ்டிக். பச்சை லக்சாக் கடை. மஞ்சள் மீ கோரெங். ஆரஞ்சு கோழிச் சோறு. சிவப்பு ரெண்டு கடைக்கு இருந்துச்சு, அதுல ஒண்ணுக்கு ஓரத்துல பூப்போட்டிருக்கும். மாத்தி அடுக்கிட்டா அந்தப் பூத்தட்டுக் கடைக் கிழவி கரண்டியாலயே அடிக்க வந்துடும்."

அவன் சொல்லும்போதே கைகள் காற்றில் தட்டுகளைப் பிரித்து அடுக்கின. பச்சை இந்தப் பக்கம், மஞ்சள் அந்தப் பக்கம். தொப்பிக்காரர் சொல்லித்தந்த கை இல்லை அது.

"சரி. ஒண்ணு கேக்கறேன். ஒப்பிக்காமச் சொல்லு. அந்தப் பதிமூணுல எது நல்ல கடை?"

முதல் தடவையாக யுவன் அவளை நேராகப் பார்த்தான்.

"பச்சைங்க."

"தின்னதே இல்லேன்னு சொன்னே?"

"தின்னவங்க தட்டு வந்துச்சே. ஆரஞ்சு பேமஸான கடை. வெளியூர்க்காரங்க வந்து படம் எடுப்பாங்க. தட்டு திரும்பி வர்றப்ப பாதிச் சோறு அப்படியே கிடக்கும். மூலையில இருந்த லக்சாக் கடைக்குப் பேரே கிடையாதுங்க. ஒரு சீனத்தி, கால் கொஞ்சம் நொண்டும், தனியா நடத்தும். புளியும் மீனும் போட்ட குழம்பு. அந்தப் பச்சைக் கிண்ணத்துல புதினாக் காம்பு மட்டும்தான் வரும். குழம்பு ஒரு சொட்டு இருக்காது. மூணு வருஷத்துல நான் சரியாத் தேய்க்காமலே கழுவுனது அந்தக் கிண்ணம் ஒண்ணுதானுங்க."

ஜீவிதா ஊறிக் கிடந்த தட்டுகளைப் பார்த்தாள். தினமும் கடை மூடும்போது தானும் எச்சில் தட்டுகளைத்தான் பார்க்கிறாள். எந்தச் சட்னி மிஞ்சியது, எந்த இட்லியின் ஓரம் கிடந்தது என்று. அது அவள் யாருக்கும் சொல்லாத தொழில் ரகசியம். விஜய்குமாருக்குக்கூடத் தெரியாது. அதை இவனிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

"இதைச் சொல்ல என்ன கேடு? பாத்திரம் கழுவினேன்னு சொன்னா வாய் வெந்துடுமா? வீடியோவைப் பாத்து மனப்பாடம் பண்ணு, சமையல்காரன்னு சொல்லுன்னு உனக்கு யார் யோசனை சொன்னது?"

யுவன் குழாயைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"யாருப்பா?"

"விடுங்க்கா. தப்பு என் மேலதான்."

"யாருன்னு கேட்டேன்!"

"நான்தான்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மார்க்கெட்டிலிருந்து வாங்கிய பூப்பொட்டலத்தோடு அனுப்ரியா நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"வீடியோவைக் கண்டுபிடிச்சது நான். வரிசையாச் சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தது நான். ரயில்ல உக்காந்து வாரம் பூரா கேள்வி கேட்டுப் பழக்கினதும் நான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

மூன்று நாளாக ஊரெல்லாம் வலைபோட்டுத் தேடிய குற்றவாளி, தன் வீட்டில் தன் பக்கத்துப் பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்!

"ஏன்டி?"

"போன வருஷம் வேலாயுதம் மாமா ஒரு இடம் சொன்னாரே, நெனப்பிருக்குதா? ஓட்டல்ல வேலைன்னு. நீ என்ன சொன்னே? 'டேபிள் துடைக்கிறவனுக்கும் தட்டு கழுவுறவனுக்கும் என் தங்கச்சியைத் தர மாட்டேன். நான் ஒருத்தி எச்சில் தட்டோட படுறது போதும்'னு சொன்னே. பையனைப் பாக்கக்கூட இல்ல. அன்னிக்கு நான் அடுப்படியிலதான் நின்னுட்டு இருந்தேன்."

சொன்னாள்தான். அந்த வார்த்தைகள் அவளுடையவைதான். அன்று அது அக்கறையாகத் தெரிந்தது. இன்று இன்னொருத்தி வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அனு."

"உன்கிட்டயா?" அனு சிரிக்க முயன்று முடியாமல் நின்றாள். "சத்தியமாப் பயமா இருந்துச்சுக்கா."

முன்பக்கம் விஜய்குமாரின் குரல் கேட்டது. "ஜீவி! மாமா வந்துட்டாரு!"

*

கந்தசாமி கொள்ளேகால் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வேட்டி மடிப்புக் கலையவில்லை. மஞ்சள் பையில் நாட்டுச் சர்க்கரை. வண்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆளாளுக்கு இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

ஜீவிதா யுவனைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க தம்பி. முழுசா."

அவன் சொன்னான். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஆனால் எதையும் விடவில்லை. அனுவின் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டான். அனுவே இடையில் புகுந்து அதையும் சொல்லிவிட்டாள்.

கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அட கெரகமே! மாப்பிள்ளை மலேசியாவுல சமையக்காரருன்னு ஹனூர் பூரா தமுக்கு அடிச்சிருக்கறனே! கல்யாணத்துக்கு அவரே ஒரு ஐட்டம் செஞ்சு போடுவாருன்னு வேற சொல்லிப்புட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறது?"

யாரும் சிரிக்கவில்லை. விஜய்குமாருக்கு மட்டும் உதடு துடித்தது. ஜீவிதா ஒரு முறை முறைத்ததும் அடங்கினான்.

"வேலை என்ன வேலை, அதை விடு," என்றார் கந்தசாமி மெதுவாக. "பொய்யில ஆரம்பிக்கிறாங்களே. அது எனக்கு ஒப்பலை. நீ சொல்லு அம்மிணி. உன்ற வார்த்தைதான்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யுவன் தலையைக் குனிந்திருந்தான். அனுவின் கையில் பூப்பொட்டலம் நசுங்கிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். பொய் சொன்னான், அகப்பட்டான், முடிந்தது. மூன்று நாளாக அவள் ஒத்திகை பார்த்ததும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"பொய் சொன்னது தப்புதானுங்கப்பா," என்றாள். "ஆனா நெசத்தைச் சொல்லியிருந்தா போன வருஷம் மாதிரி வாசல்லயே அனுப்பிச்சிருப்பேன். அது இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் தெரியலை. சாயங்காலம் உப்பு சர்க்கரை மாத்திக்கலாம். ஊர்ல போய் சமையல்காரர் இல்லைன்னு நீங்களே சொல்லிருங்க. யாராவது கேட்டா, என்ற மாப்பிள்ளை பாத்திரம் கழுவினவருன்னு சொல்லுங்க. நானும் அதுதான் செய்யறேன்."

கந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு யுவனிடம், "கல்யாணத்துக்கு அந்த ஐட்டமும் கிடையாதுங்களா?" என்றார் பரிதாபமாக.

"சோறும் ஊறுகாயும் நல்லா வருமுங்க மாமா."

இந்த முறை விஜய்குமாரால் அடக்க முடியவில்லை.

பத்து மணிக்கு வண்டியை மூடிவிட்டு அவர்கள் இரண்டு ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முன்னதில் ஆண்கள். பின்னதில் அக்காவும் தங்கையும். சிக்னலில் நிற்கும்போது ஜீவிதா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"வேற ஏதாவது மறைச்சிருக்கியா?"

"இல்லக்கா."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. ஜீவிதா அவளைப் பார்த்தாள். அனு ரோட்டைப் பார்த்தாள். சிக்னல் பச்சையாகும்வரை பார்த்தும் ஜீவிதாவால் முழுசாக நம்ப முடியவில்லை.

ஆனால் அப்பா பையில் சர்க்கரை மட்டும்தான் இருந்தது. மளிகைக் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு கிலோ கல்லுப்பு குடுங்க," என்றாள் கடைக்காரரிடம். "நல்லதாப் பாத்துக் குடுங்க, நிச்சயத்துக்கு."